இரண்டு அறை, ஒரு கழிவறை, ஐந்து பேர்: காய்ச்சல்காரரை எங்கே படுக்க வைப்பது?

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் எங்கள் ஊர். கணவருக்கு ஓசூரில் ஷிப்டு வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். மாமியாருக்கு 68 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை. இரண்டு பிள்ளைகள். வீட்டில் இரண்டே அறை, ஒரே கழிவறை. 2021-இல் முதலில் கணவருக்குக் கொரோனா வந்தது, ஒரே வாரத்தில் எல்லோரும் படுத்துவிட்டோம். அப்போது பால் பாக்கெட்டைக்கூட டெட்டால் போட்டுத் துடைத்துத்தான் உள்ளே எடுத்தோம். அப்படியும் ஏன் பரவியது? இனி ஒரு தொற்று வந்தால் என்ன செய்வது? கபசுரக் குடிநீர் தினமும் குடிக்கலாமா?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பால் பாக்கெட்டை நானும் துடைத்தேன். பிஸ்கட் பாக்கெட்டை வெயிலில் காயப் போட்ட டாக்டர்களும் உண்டு. கொரோனா பொருள்கள் வழியாகப் பரவுவது குறைவு, மூச்சுக்காற்று வழியாகப் பரவுவதுதான் அதிகம் என்பது பிறகுதான் தெளிவானது. நீங்கள் பாக்கெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நோய் மூடிய அறைக்குள் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. ஊர் ஒதுக்குப்புறமாக இருந்தால் வராது என்பதும் இல்லை. 2020 ஏப்ரல் முடியும்போது தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக, அதாவது தொற்று இல்லாத பகுதியாக, மிஞ்சிய ஒரே மாவட்டம் உங்கள் கிருஷ்ணகிரிதான். அடுத்த வருஷம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

உங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல், குளிர். மார்கழியில் சாயங்காலம் ஆறு மணிக்கே ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியைச் செருகிவிடுவார்கள். பெரியவர்களிடம் போய் ஜன்னலைத் திறக்கச் சொன்னால், ‘சளி பிடிக்கும்’ என்பார்கள். குளிர்காற்று வைரஸைக் கொண்டுவராது, அடைத்த அறைதான் அதை வளைத்து வைத்துக்கொள்கிறது. மாமியார் மஃப்ளர் கட்டிக்கொள்ளட்டும், கம்பளி போர்த்திக்கொள்ளட்டும். ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும். அப்புறம், குளிருக்காக அறைக்குள் கரி மூட்டிக் கதவைச் சாத்தும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அதில் வரும் வாசனையே இல்லாத நச்சுவாயு, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

இனி யாருக்காவது காய்ச்சல், இருமல் என்றால், ஜன்னல் உள்ள அறையை அவருக்குக் கொடுங்கள். அந்த ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். ஆள் மேல் காற்று படுவதற்காக அல்ல, அறைக்காற்றை வெளியே தள்ளுவதற்காக. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அவர் அந்த அறைக்குப் போகும் முன்பே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவிடுக்கில் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுபட்டு ஜன்னல் பக்கம் போனால் சரி. கூடத்துப் பக்கம் வந்தால், கூடத்து ஜன்னலையோ வாசல் கதவையோ கொஞ்சம் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டு நிமிஷ வேலைதான். கிருமிநாசினிக்குச் செலவழித்த பணத்தைவிட இது அதிகம் உதவும்.

ஒரே கழிவறைக்கும் இதே கணக்குதான். நோயாளி முகக்கவசத்தோடு போகட்டும், மற்றவர்கள் போன பிறகு கடைசியாகப் போகட்டும். வந்ததும் கழிவறை ஜன்னலைத் திறந்து வைத்து, அரை மணி நேரமாவது விட்டு அடுத்தவர் போகலாம். அவரைக் கவனிக்க ஒருவர் போதும், அது மாமியாராக இருக்கக் கூடாது. உள்ளே போகிறவர் என்95 முகக்கவசம் போட வேண்டும், மூக்கோரம் இடைவெளி இல்லாமல். துணி முகக்கவசம் அந்த அளவுக்குக் காக்காது. தட்டு, டம்ளரை வழக்கம்போலச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கணவர் ஷிப்டு முடிந்து வந்ததும் வாசலில் சட்டையைக் கழற்றி முக்கி வைக்க வேண்டியதில்லை, கையைச் சோப்புப் போட்டு இருபது விநாடி கழுவட்டும். பஸ்ஸில்தான் கவனம் வேண்டும். தொற்று பரவும் நாட்களில் ஜன்னலோரச் சீட்டு, முகக்கவசம். பேசும்போது அதைத் தாடைக்கு இறக்கினால் போட்டதற்கே பலன் இல்லை.

காய்ச்சல் வந்தாலே கொரோனா என்று முடிவு கட்டாதீர்கள். டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கும் ஊரில் டெங்குவும் உண்டு. எது என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். உடம்புவலிக்கு என்று டைக்ளோஃபினாக் ஊசியோ இபுபுரூஃபனோ வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அதிகமாகலாம். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் ஆபத்தான நாள். அப்போது விடாத வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம், அசதி என்று எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மெடிக்கலில் ‘மூன்று நாள் செட்’ என்று மாத்திரை கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். கொரோனாவில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கே ஸ்டீராய்டு பயன்பட்டது, லேசான நோய்க்கு அல்ல. சர்க்கரை உள்ளவருக்கு அதைக் கண்டபடி கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2021-இல் கருப்புப் பூஞ்சை காட்டியது.

மாமியாருக்காக ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர், அதாவது விரலில் மாட்டி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி, வாங்கி வைத்திருப்பது நல்லது. ஆனால் குளிர்ந்த விரலில் அது தப்பாகக் காட்டும். விடிகாலையில் 89 என்று பார்த்துப் பதறி ஓடிவருவார்கள், இங்கே கையைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டுப் பார்த்தால் 97 இருக்கும். அதனால் கையைத் தேய்த்து, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 95 அல்லது அதற்கு மேல் என்றால் பயமில்லை. 94 அல்லது அதற்குக் கீழே போனால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். 90-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் 108. வண்டி வரும்வரை, முடிந்தால் குப்புறப் படுக்க வையுங்கள், மூச்சு கொஞ்சம் இலகுவாகும். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், குழப்பமாகப் பேசினால், உதடு நீலம் பாய்ந்தால் மீட்டரை நம்பாதீர்கள், ஆளைப் பாருங்கள்.

சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோய் நிற்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஊரடங்கில் பலருக்கு அப்படித்தான் சர்க்கரை ஏறியது. இரண்டு வாரத்துக்கு எப்போதும் கையிருப்பு வேண்டும். வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாமியார் பெயர் அதில் இல்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். காய்ச்சல் நேரத்தில் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்தால் வழக்கம்போலப் போட்டுக்கொண்டிருக்கவும் கூடாது, சில மாத்திரைகளை அப்போது நிறுத்தச் சொல்வோம். அன்றே டாக்டரைக் கேளுங்கள். கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்று கூழாகக் கரைத்துச் சொம்பு சொம்பாகக் கொடுப்பதும் வேண்டாம், களியைவிடக் கூழில் சர்க்கரை வேகமாக ஏறும்.

கடைசியாகக் கபசுரக் குடிநீர். பிடித்தால் குடிக்கலாம், சித்த மருத்துவர் சொன்ன அளவில். சர்க்கரை மாத்திரைக்கும் தடுப்பூசிக்கும் அது மாற்று ஆகாது. ஒரு விஷயம் மட்டும்: கால் பங்காகச் சுண்டக் காய்ச்சும்போது போர்த் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே நிலத்தடி நீரில் உள்ள, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடுக்காகத்தான். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது அடர்த்தியாகத்தான் ஆகும். ஒகேனக்கல் குழாயில் பிடித்து வைத்த தண்ணீரில் காய்ச்சுங்கள்.

மாமியாரின் மாத்திரைச் சீட்டு, காப்பீட்டு அட்டை, ஆதார் மூன்றையும் ஒரு கவரில் போட்டுக் கதவருகே மாட்டி வையுங்கள். சீட்டை போட்டோ எடுத்துக் கணவருக்கும் அனுப்பிவிடுங்கள். அவர் நைட் ஷிப்டில் இருக்கும்போது 108-இல் ஏறினால், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அங்கே கேட்பார்கள். ‘வெள்ளையாக, சின்னதாக’ என்பதைத் தவிர வேறு பதில் அப்போது நமக்கு வராது.