மேலூர்க் குவாரி மலைகள்: பழைய வரைபடம் விலகுவது ஏன்?

ஐயா, மேலூர்ப் பக்கத்துக் குவாரி மலைகளின் பழைய ஓரங்குல (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்) வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தினால் கண்மாய்க் கரைகள் விலகி நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அத்தாள்கள், பூமியின் வடிவத்துக்கு அன்று இந்திய நில அளவையில் கொண்ட கணித மாதிரியான எவரெஸ்ட் நீள்கோளத்தின்படி வரையப்பட்டவை. கைப்பேசியோ இன்றைய உலகப் பொது மாதிரியான டபிள்யூஜிஎஸ் 84-ஐப் பின்பற்றுவதால், ஓரத்தில் அச்சிட்ட அட்ச, தீர்க்க ரேகைகளை அப்படியே உள்ளிட்டால் நூறு மீட்டருக்கு மேல் பிசகும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் முதலில் கல்யாண்பூர் அடிப்படையை (எவரெஸ்ட் நீள்கோளத்தைக் கொண்ட பழைய இந்திய ஆள்கூற்று முறை) தேர்ந்து, பிறகு டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாற்றுங்கள்.

பொருத்தம் சரியா என்று பார்க்க மடை, கலுங்கு (உபரிநீர் வழியும் கட்டுமானம்), பழைய சாலைச் சந்திப்பு ஆகியவையே நம்பகமானவை. கண்மாயின் நீர்விளிம்பு பருவத்துக்குப் பருவம் நகரும், வெட்டப்பட்ட பாறை விளிம்போ நில அளவையின்போது இருந்திருக்கவே வாய்ப்பில்லை.

வரைபடத்தில் உயரங்கள் அடிக்கணக்கில் உள்ளன, மீட்டருக்கு மாற்ற 0.3048-ஆல் பெருக்குங்கள். சமவுயரக் கோடுகள் பொதுவாக 50 அடி இடைவெளியில் இருப்பதால், அதைவிட ஆழங்குறைந்த குவாரி வெட்டு ஒன்றை இவ்வரைபடத்தை வைத்து நிறுவ முயல்வது வீண்வேலை என்பது என் கருத்து.