ஒரே பாட்டில் உலகம் முழுக்கத் தெரியவந்த இசைக்குழு என்றால் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்கள்?

எனக்கு ஆ-ஹாதான். நார்வேயின் ஓஸ்லோவிலிருந்து வந்த மூன்று பேர்: பாட மோர்டன் ஹார்கெட், கீபோர்டுக்கு மாக்னே ஃபுருஹோல்மென், கிடாருக்கு போல் வாக்டார். பாட்டு 'டேக் ஆன் மீ'. 1985 அக்டோபரில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதற்கு முன் எந்த நார்வேக் குழுவும் அந்த இடத்தைத் தொட்டதில்லை.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே ஜெயித்த பாட்டு இல்லை இது. அதனால்தான் எனக்கு இதன் மேல் இவ்வளவு பிரியம். தொடக்கத்தில் வரும் அந்தத் துள்ளலான கீபோர்டு மெட்டு, மாக்னே பதின்ம வயதில் போட்டது. மோர்டன் வருவதற்கு முன்பே, மாக்னேயும் போலும் இருந்த பழைய குழுவில் அதற்கு வேறு வரிகள், வேறு தலைப்பு. சூயிங்கம் விளம்பரம் மாதிரி இருக்கிறதே என்று அவர்களே தயங்கிய மெட்டு அது. பிறகு லண்டனுக்குப் போய் வாய்ப்புத் தேடி, வார்னர் நிறுவனத்தில் ஒப்பந்தமானார்கள். 1984-இல் டோனி மான்ஸ்ஃபீல்ட் தயாரிப்பில் பாட்டு வெளிவந்தது. சொந்த நாட்டில் ஓடியது, பிரிட்டனில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் ஆலன் டார்னி என்ற தயாரிப்பாளரோடு முழுப் பாட்டையும் மறுபடி பதிவு செய்தார்கள். அதுவும் பிரிட்டனில் முதலில் போகவில்லை!

அதன் பிறகுதான் ஸ்டீவ் பாரன் இயக்கிய வீடியோ வந்தது. காபி கடையில் ஒரு பெண் படக்கதை படித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்திலிருந்து கதை நாயகனின், பென்சிலால் வரைந்த கை வெளியே நீள்கிறது, பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். உள்ளே படச்சட்டம் மாதிரி ஒரு சட்டம் நிற்கிறது. அதன் வழியாகப் பார்த்தால் ஆள் நிஜம், சட்டத்துக்கு வெளியே அதே ஆள் கோட்டோவியம். அவளும் நாயகனும் அதைச் சுற்றி வரும்போது நிஜமும் கோடும் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் நடிகர்களைப் படம்பிடித்து, ஒவ்வொரு ஃபிரேமின் மேலும் கையால் வரைந்த வேலை இது. மைக்கேல் பேட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் சுமார் 3,000 ஃபிரேம்களை 16 வாரங்களில் முடித்தார்கள். 1986 எம்டிவி விருதுகளில் இந்த வீடியோவுக்கு மட்டும் ஆறு விருதுகள்.

"வீடியோதான் ஓட வைத்தது, பாட்டில் ஒன்றுமில்லை" என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீடியோ ஆட்களைக் கூட்டி வந்தது, சரி. வந்தவர்களைப் பிடித்து உட்கார வைத்தது மோர்டனின் குரல். பல்லவியைக் கவனித்துக் கேளுங்கள். அடித்தொண்டையில் கனமாகத் தொடங்குகிறார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு படி மேலே ஏறுகிறார். கடைசி வரியில் கள்ளக்குரலில் உச்சத்துக்குப் போய், அங்கேயே நீட்டிப் பிடிக்கிறார். இரண்டரை ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) மேல்! கூடவே பாட நினைப்பவர்கள் எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடமும் அதுதான். 'ஒரே பாட்டுக் குழு' என்று இவர்களை ஒதுக்குவதும் நியாயமில்லை. 1986 தொடக்கத்திலேயே இவர்களின் அடுத்த பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, மறு வருடம் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குத் தலைப்புப் பாடல் பாடினார்கள்.

யூடியூபில் 1984 பதிப்பை முதலில் கேளுங்கள், பிறகு 1985 பதிப்பு. மெட்டு அதேதான், ஆனால் டார்னி கைபட்ட பிறகு எவ்வளவு காற்றோட்டம் வந்திருக்கிறது என்று உடனே தெரியும். நேரம் இருந்தால் 2017-இல் எம்டிவியின் 'அன்பிளக்டு' நிகழ்ச்சிக்காக அவர்கள் மெதுவாக வாசித்ததையும் கேளுங்கள். தாளத்தின் துள்ளல் இல்லாதபோதுதான் அது எவ்வளவு ஏக்கமான பாட்டு என்று எனக்கே புரிந்தது.