ஸ்டொப்வாட்ச் பிடிக்கும் படிப்பா?

அண்ணா, பேராதனை பொறியியல் பீடத்தில் முதலாம் ஆண்டு முடியப்போகிறது. துறையைத் தெரிவு செய்ய வேண்டும். எனக்கு இன்டஸ்ட்ரியல் என்ஜினியரிங், அதாவது ஆளும் மெஷினும் நேரமும் வீணாகாமல் வேலையை ஒழுங்குபடுத்தும் படிப்பில்தான் விருப்பம். பெரியப்பாவோ, “சிவில் எடு. இதைப் படித்தால் கார்மென்ட் தொழிற்சாலையில் ஸ்டொப்வாட்ச் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்” என்கிறார். உண்மையா?
– ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள தங்கைக்கு,

நான் அந்த ஸ்டொப்வாட்சைப் பிடித்துக்கொண்டு நின்றவன். முதல் வேலை, கொழும்புக்கு வெளியே ஒரு ஆடைத் தொழிற்சாலையில். கொலர் தைக்கும் ஓர் அக்காவின் பக்கத்தில் நின்று நேரம் எடுத்தேன். என்னைக் கண்டதும் அவர் கை மெதுவானது. வேண்டுமென்றே இழுக்கிறார் என்று எழுதிவைத்தேன். பல நாள் கழித்து, தேநீர் நேரத்தில் அவரே சொன்னார்: முன்பு ஒருவர் இப்படி நேரம் எடுத்துப்போன மறுவாரமே டார்கெட்டை ஏற்றிவிட்டார்களாம். சம்பளம் ஏறவில்லை. வேலை செய்பவரின் வேகத்தை மதிப்பிட்டு, களைப்புக்கும் தண்ணீர் குடிக்கப் போவதற்கும் நேரம் சேர்த்துத்தான் எஸ்.எம்.வி. (ஒரு வேலைக்கு இத்தனை நிமிடம் என்ற நியம நேரம்) போட வேண்டும் என்று படித்திருந்தேன். அது ஏன் என்று அன்றுதான் விளங்கியது.

சரி, நேரம் எடுத்து என்ன செய்வது? ஒரு லைனில் மூன்று பேர் என்று வையுங்கள். ஒரு சட்டைக்கு ஒருவருக்கு 40 செக்கன், அடுத்தவருக்கு 50, மூன்றாமவருக்கு 60. முதலாமவர் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் மணிக்கு 60 சட்டைதான் வெளியே வரும். மூன்றாமவரின் வேலையில் 10 செக்கன் அளவை முதலாமவரிடம் மாற்றிக்கொடுத்தால் மூவருக்கும் 50 செக்கன் ஆகிவிடும், மணிக்கு 72 சட்டை வரும். யாரையும் விரட்டவில்லை, புது மெஷினும் வாங்கவில்லை. இந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் அழகாகத்தான் தெரிகிறது.

கொழும்புத் துறைமுகத்திலும் இதே கதைதான். கிரேன் எவ்வளவு வேகமாக இறக்கினாலும், கொள்கலனை ஏற்றிப்போக வாகனம் வராவிட்டால் கிரேன் சும்மா நிற்கும், கப்பலும் காத்திருக்கும். ஆஸ்பத்திரி ஓ.பி.டி. வரிசை, வங்கிக் கவுன்டர், மருந்துக் களஞ்சியம் எல்லாம் இந்தப் படிப்புக்குள் வருபவை. அதனால்தான் புள்ளிவிபரவியல், ஒபரேஷன்ஸ் ரிசேர்ச் (கணிதத்தால் சிறந்த முடிவைத் தேடும் பாடம்), செலவுக் கணக்கு, மனித உடலுக்கேற்ற வேலையிட அமைப்பு என்று பல பக்கமும் படிக்க வேண்டியிருக்கும்.

பெரியப்பா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அரச வேலைதான் வேண்டுமென்றால், சிவிலுக்கு உள்ள அளவு இடங்கள் இதற்கு இல்லை. தனியார் துறையிலும் விளம்பரத்தில் இந்தப் பெயரையே தேடினால் ஏமாறுவீர்கள். பிளானிங், லீன் (வீணாவதைக் குறைக்கும் முறை), சப்ளை செயின், தரக் கட்டுப்பாடு என்று வேறு பெயர்களில் இருக்கும். உங்கள் பீடத்திலேயே முன்பு உற்பத்திப் பொறியியல் என்றிருந்த துறைதான் இப்போது பெயரில் இன்டஸ்ட்ரியலையும் சேர்த்திருக்கிறது. மொரட்டுவையில் இதற்கு நெருங்கிய பாடங்கள் ஆடைப் பொறியியல், போக்குவரத்து–லொஜிஸ்டிக்ஸ் துறைகளில் இருக்கின்றன.

பெண்பிள்ளைக்கு இது சரிவருமா என்று வீட்டில் யாராவது கேட்டால், லிலியன் கில்பிரெத்தைப் பற்றிச் சொல்லுங்கள். உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், பன்னிரண்டு பிள்ளைகளின் தாய். வேலைசெய்பவரின் களைப்பைப் பற்றி நூறு வருடங்களுக்கு முன்பே கணவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர். இந்தத் துறையைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர்.

அப்புறம், சிங்களம் நன்றாகப் பழகுங்கள். அந்த அக்காவோடு பேச எனக்குச் சிங்களம் அரைகுறை. தெரிந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பேன்.

அன்புடன்,
அண்ணா