மதத் தலைவர்கள் அரசியலில் தலையிட்டால் அந்த மதத்தவர்களையே வெறுக்கலாமா?

கூடாது. இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 தேர்தலில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவுக்காகப் புத்த பிக்குகள் ஊர் ஊராக ஓட்டுக் கேட்டார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் களனி விகாரையின் தலைமைப் பிக்கு புத்தரக்கித்த. பண்டாரநாயக்க வென்று பிரதமரானார். அடுத்த வருடம், அவருக்கும் தமிழர் தலைவர் செல்வநாயகத்துக்கும் இடையே, தமிழர்களுக்கு ஓரளவு அதிகாரம் தரும் பண்டா-செல்வா ஒப்பந்தம் வந்தது. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் ரத்து என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் எழுந்தார்கள். ஓட்டு வாங்கித் தந்தவர்களிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

1959 செப்டம்பர் 25 அன்று சோமராம என்ற பிக்கு பண்டாரநாயக்கவை அவர் வீட்டிலேயே சுட்டார். சதியில் புத்தரக்கித்தவுக்குப் பங்கு இருந்ததாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாகக் கிடந்த பண்டாரநாயக்க என்ன சொன்னார் தெரியுமா? சுட்டவர் பிக்கு உடை உடுத்திய ஒரு மனிதர், அவர்மேல் இரக்கம் காட்டுங்கள், பழிவாங்காதீர்கள் என்றார். உடையையும் ஆளையும் அவர் பிரித்துப் பார்த்தார். நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தைக் கைவிட வைத்தவர்கள் வாசலில் உட்கார்ந்தவர்கள், அவர்களுக்குப் பணிந்த அரசியல்வாதி. விகாரையில் பூ வைத்துக் கும்பிடும் கிழவிக்கு அதில் என்ன பங்கு?