வேலையை விட்டாலும் தூசி விடுவதில்லை

கேள்வி: எங்கள் ஊர் மண்டபம். அப்பாவுக்கு 63 வயது. நெடுங்காலம் கொத்தனார், பிற்பாடு கீழக்கரை வீடுகளில் டைல்ஸ், கிரானைட் அறுத்துப் பதித்தார். வேலையை விட்டு மூன்று வருடங்கள் ஆகின்றன. இப்போது நான்கு படி ஏறினாலே இளைக்கிறது, இருமலும் விடவில்லை. "உப்புக் காற்றுதான், வேலையைத்தான் விட்டுவிட்டேனே" என்கிறார். பீடிப் பழக்கம் உண்டு. விசைப்படகில் போகும் தம்பியும் மீன்பிடித் தடைக்காலத்தில் இதே வேலைக்குப் போகிறான். என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, கடற்காற்றிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு 63 வயதில் அது புதிதாக இளைப்பைக் கொடுக்காது. எனக்குக் கவலை தருவது அவர் அறுத்த கிரானைட்.

கிரானைட், டைல்ஸ், கான்கிரீட் மூன்றிலும் மணலில் இருக்கும் சிலிக்கா என்ற கனிமம் உண்டு. தண்ணீர் விடாமல் மெஷினில் அறுக்கும்போது எழும் புழுதியில் பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்கே தெரியாத நுண்துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கிவிடும். உடலால் அவற்றைக் கரைக்க முடியாது. சுற்றிலும் தழும்பு கட்டும். இதுதான் சிலிகோசிஸ். தூசி உள்ளேயே கிடப்பதால், வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரக்கூடும். பலருக்கு வேலையில் சேர்ந்து 10, 20 வருடங்கள் கழித்தே இளைப்பு தொடங்குகிறது. ஆகவே "வேலையை விட்டுவிட்டேனே" என்று அப்பா ஆறுதல் கொள்ள வேண்டாம்.

அவருக்கு வந்திருப்பது இதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. பீடியால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பாகவோ இதயக் கோளாறாகவோ காசநோயாகவோ இருக்கலாம். சிலிக்கா தங்கிய நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதும் உண்டு. எனவே எக்ஸ்ரேயுடன் சளிப் பரிசோதனையும், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் தேவை. இந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: என்ன வேலை, எத்தனை வருடம், என்னென்ன அறுத்தார் என்று. "இருமல்" என்று மட்டும் சொன்னால் இருமல் மருந்தோடு திரும்பி வர நேரும். சளியில் இரத்தம் வந்தாலோ, உடல் மெலிந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

சிலிகோசிஸ் என்று தெரிந்தால், தழும்பை அழிக்க மருந்து இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் இளைப்பைத் தணிக்கலாம். காசநோய் இருந்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் குணப்படுத்தலாம். பீடியை இன்றே நிறுத்தினால் மிச்சமுள்ள நுரையீரல் மேலும் கெடுவதைக் குறைக்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 60 வயதுக்கு முன்பே பதிவு செய்திருந்தால், ஓய்வூதியம் பற்றியும் விசாரியுங்கள்.

தம்பியிடம் இன்றே பேசுங்கள். தடைக்காலம் 61 நாள்தானே என்று அவர் நினைக்கலாம். ஆண்டுதோறும் போனால் அந்தத் தூசியும் சேர்ந்துகொண்டே போகும். முகத்தில் கட்டும் துண்டு நுண்துகளைத் தடுக்காது. பிளேடில் தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். என்-95 முகக்கவசம் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். தூசியை உலர்வாகப் பெருக்கக் கூடாது. தண்ணீர் விட்டு அறுக்க மேஸ்திரி சம்மதிக்காவிட்டால், அந்த வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.