சுடுகிற மின்பெட்டியை இனி செருகாதீர்கள்

கேள்வி: தோட்டத்தில் கிராணியாக இருந்த என் அப்பா 1980களில் வாங்கிய கோமடோர் 64 கணினி வீட்டில் இருக்கிறது. சுவிட்சைப் போட்டுச் சற்று நேரத்தில் எழுத்துகள் கலைந்து, அப்படியே நின்றுவிடுகிறது. அதற்கு மின்சாரம் தரும் கறுப்பு மின்பெட்டி கை வைக்க முடியாமல் சுடுகிறது. பழைய சாமான் வாங்குபவர், "போர்டு போய்விட்டது, 80 வெள்ளி தருகிறேன்" என்கிறார். கொடுத்துவிடலாமா? – வாசகர், சுங்கை சிப்பூட்

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. மூடியைக்கூடத் திறக்காமல் போர்டு போய்விட்டது என்று சொல்கிறவருக்கு அதன் விலை நன்றாகவே தெரியும். இந்த வாரம் உங்களிடம் 80 வெள்ளிக்கு வாங்கியதை அடுத்த வாரம் சேகரிப்பாளரிடம் பல மடங்குக்கு விற்பார்.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு என் முதல் சந்தேகம் மின்பெட்டிதான். அது இரண்டு வகை மின்சாரம் தருகிறது: 5 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்), 9 வோல்ட் ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்). 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம் உள்ளே பிசினில் புதைந்து கிடப்பதால் சூடு வெளியேற வழியில்லை. பழுது பார்க்கவும் வழியில்லை. செய்தவர்கள் அதை யோசிக்கவே இல்லை. அந்தப் பாகம் கெடும்போது வோல்ட் குறைந்தால் பிழைத்தோம். பல நேரம் ஏறிவிடுகிறது. ஏறினால் நினைவகச் சில்லுகள்தான் முதலில் கருகும். ஆகவே "இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்ற எண்ணமே வேண்டாம்.

கணினியில் செருகாமல், மல்டிமீட்டர் என்ற மின் அளவுக் கருவியைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். கணினியில் நுழையும் பிளக்கில் ஏழு ஊசிகள் வளைவாக இருக்கும். இரண்டு ஓர ஊசிகளுக்கு இடையே ஏசி. நடு ஊசிக்கும் அதன் பக்கத்து ஊசிகளில் ஒன்றுக்கும் இடையே 5 வோல்ட்; மற்றது வெறும் ஊசி. 5.25க்கு மேல் காட்டினால் பெட்டியைத் தூக்கிப் போடுங்கள். சரியாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்து, சூடானபின் ஏறுவதுதான் இதன் குணம்.

ஒரு விதிவிலக்கு. சுவிட்சைப் போட்டதுமே சிவப்பு விளக்கு எரிந்து, திரை மட்டும் தொடக்கத்திலிருந்தே கறுப்பாக இருந்தால், 9 வோல்ட் பாதையில் கணினிக்குள் இருக்கும் சிறு கண்ணாடி பியூஸ் போயிருக்கலாம். அப்போது 9 வோல்ட்டை நம்பியிருக்கும் படச் சில்லுக்கு மின்சாரம் கிடைக்காது. விளக்கோ 5 வோல்ட்டில் எரிந்துகொண்டிருக்கும். அதே 1.5 ஆம்பியர் பியூஸையே போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டும் கைவைத்தியம் நம் பட்டணங்களில் இன்னும் ஒழியவில்லை. உங்கள் கணினி சற்று நேரமாவது ஓடுகிறது. அதனால் இது உங்கள் கதை அல்ல.

அடுத்த பொறி அடாப்டர். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று கைபேசிக் கடையில் தருவது டிசி மட்டுமே. 9 வோல்ட் ஏசி அதில் வராது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 240இல் செருகினால் புகைதான் மிச்சம். இப்போது பயிற்சி முடித்து வரும் பையன்களுக்குப் போர்டையே மாற்றத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், அளக்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

இந்தக் கணினிக்கென்றே புதிதாகச் செய்த பெட்டிகள் கிடைக்கின்றன. 230 அல்லது 240 வோல்ட் உள்ளீடு, 5 வோல்ட் டிசி குறைந்தது 1.5 ஆம்பியர், 9 வோல்ட் ஏசி 1 ஆம்பியர், வோல்ட் ஏறினால் தானே துண்டிக்கும் வசதி: இவ்வளவும் எழுத்தில் தருகிற விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.