அரசுப் பணம் எந்தக் கலை அமைப்புக்கு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செய்யாறு பக்கம் எங்கள் கூத்து ஜமா, அதாவது தெருக்கூத்துக் குழு. தாத்தா காலத்தில் ஆரம்பித்தது, இப்போது 14 பேர் இருக்கிறோம். சீசனில் பாரதக் கூத்து, மற்ற மாதங்களில் ஆளுக்கொரு வேலை. கலை அமைப்புகளுக்கு அரசு நிதி தருகிறதாமே என்று விசாரிக்கப் போனால், "நீங்கள் அமைப்பே இல்லையே" என்கிறார்கள். மூன்று தலைமுறையாக ஆடுகிறவர்கள் அமைப்பு இல்லையென்றால் வேறு யார்தான் அமைப்பு?
(வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: கோபம் நியாயமானதுதான். ஆனால் விண்ணப்பத்தைப் பார்க்கிறவருக்கு உங்கள் அடவும் தெரியாது, விடிய விடிய ஆடுவதும் தெரியாது. பதிவு எண், வங்கிக் கணக்கு, ஆடிட்டர் கையெழுத்து, இந்த மூன்றும்தான் அவர் கண்ணில் படும். நேற்று லெட்டர்பேடு அடித்த அகாடமி ஒன்று இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும். எனக்கும் இது எரிச்சல்தான், என்ன செய்ய.

முதலில் பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி 7 பேர் சேர்ந்தால் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கமாகப் பதியலாம். துணை விதிகளில் நோக்கம் என்ற இடத்தில் "கலை வளர்ப்பது" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், தெருக்கூத்து ஆடுவது, சின்னப் பிள்ளைகளுக்கு அடவும் பாட்டும் சொல்லிக்கொடுப்பது என்று உள்ளதை எழுதுங்கள். பதிந்தால் மட்டும் ஆயிற்றா? வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். பாதிச் சங்கங்கள் விழுவது இங்கேதான், பதிந்த வருடத்தோடு சரி.

அப்புறம் பணம். ஊர்க்காரர்கள் தாம்பூலம் வைத்து முன்பணம் கொடுத்தால் அது ஜமாவை நடத்தும் வாத்தியார் மடியில் போகிறது, விடிந்ததும் பங்கு பிரித்துக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள், இல்லையா? அதில் தப்பில்லை, ஆனால் அந்தப் பணம் வந்ததற்கும் போனதற்கும் சாட்சி இல்லை. இனிமேல் சங்கத்தின் பெயரில் கணக்கு, பான் கார்டு, ஒரு நோட்டு. தேதி, ஊர், அன்றைக்கு என்ன கூத்து, வாங்கியது எவ்வளவு, யாருக்கு எவ்வளவு, எதிரில் அவரவர் கையெழுத்து. கோயில் திருவிழா நோட்டீசில் உங்கள் ஜமா பெயர் அச்சாகியிருக்குமே, அதைத் தூக்கிப் போடாதீர்கள். தேதியும் ஊரும் போட்ட அந்தத் தாள்தான் நீங்கள் தொடர்ந்து ஆடுகிறீர்கள் என்பதற்கு நல்ல அத்தாட்சி.

இனி எங்கே கேட்பது? சென்னையில் இருக்கும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் கலை நிறுவனங்களுக்கு உதவித்தொகை தருகிறது. உள்ளூர் விவரத்துக்குக் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம், உங்களுக்குப் பக்கம் காஞ்சிபுரம். ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒன்றிய கலாசார அமைச்சகத்தின் குரு சிஷ்யத் திட்டத்தை. நாடகப் பிரிவில் ஒரு குருவுக்கும் 18 சிஷ்யர் வரைக்கும் மாத உதவி, குருவுக்கு மட்டும் மாதம் 15,000 ரூபாய். வாத்தியாரும் ஆட்களுமாக இருக்கிற ஜமாவுக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருக்கிறது, ஆனாலும் கூத்துக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. தொண்டு அமைப்புகள் பதிவதற்கான அரசு இணையதளம் என்ஜிஓ தர்ப்பண், அதில் பதிவு எண் வாங்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். அதே அமைச்சகம் விழா, நாடகத் தயாரிப்பு போன்றவற்றுக்கு 5 லட்சம் வரை கொடுக்கும் திட்டமும் வைத்திருக்கிறது, அதில் பெரும்பகுதி முன்னால் வரும், மீதி நீங்கள் செலவுக் கணக்கையும் பயன்பாட்டுச் சான்றிதழையும் கொடுத்த பிறகு. ரசீது இல்லாத டீச்செலவு உங்கள் கைக்காசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஆக நாளாகும். அதுவரை சும்மா இருக்காமல் 14 பேரும் தனித்தனியாக நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகுங்கள். 2007-இல் தொடங்கிய வாரியம், அங்கே சங்கம் கிங்கம் எதுவும் தேவையில்லை. இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்கவும் இயல் இசை நாடக மன்றம் தனிக் கலைஞருக்கு உதவுகிறது. கூத்துக்கு முகவீணை ஊதுகிறவரை முதலில் அனுப்புங்கள்.

கேள்வி: வீட்டு மாடியில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன், 40 பிள்ளைகள் வருகிறார்கள். எனக்கு நிதி கிடைக்குமா?
(வாசகி, திருச்சி)

பதில்: இப்போதிருக்கிற நிலையில் கிடைக்காது. நீங்கள் கட்டணம் வாங்கி நடத்துவது உங்கள் சொந்தத் தொழில், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சங்கமோ அறக்கட்டளையோ ஆக்கினால் கட்டணம் வாங்கலாம், ஆனால் மிச்சத்தை யாரும் பிரித்துக்கொள்ள முடியாது, அது அமைப்புக்கே திரும்பும். வீட்டுக்காரர், மாமியார், தம்பி என்று குடும்பத்தையே நிர்வாகக் குழுவாகப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. ஆய்வுக்கு வருகிறவருக்கு அது பார்த்தவுடனே தெரியும். அரங்கேற்றச் செலவை அரசு தரும் என்று மட்டும் எந்தப் பெற்றோரிடமும் சொல்லிவிடாதீர்கள் அம்மா.

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு வருடா வருடம் நாடகம் போடுகிறோம். எம்.பி. நிதியில் பணம் கேட்கலாமா?
(விழாக் கமிட்டி, விருதுநகர் மாவட்டம்)

பதில்: கேட்கலாம், வராது. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 5 கோடி ரூபாய்தான், அதுவும் அதில் செய்வது நிலைத்து நிற்கிற சொத்தாக இருக்க வேண்டும். ஒரு ராத்திரி நாடகத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கும் அதில் இடமில்லை. வழிபாட்டு இடத்துக்கும் செலவழிக்கக் கூடாது. கலாசார அமைச்சகத்தின் விழா நிதியிலும் மத அமைப்புகள் சேரா.

ஒரு வழி இருக்கிறது. கோயில் நிலத்தில் இல்லாமல் ஊராட்சிப் பொது இடத்தில் நிரந்தர நாடக மேடை வேண்டும் என்று எம்.பி.யிடம் எழுதிக் கொடுங்கள். மேடை ஊர்ப்பொது, பள்ளிக்கூட ஆண்டு விழாவும் அங்கேயே நடக்கும், கமிட்டி உரிமை கொண்டாட முடியாது. சம்மதமென்றால் ஊராட்சித் தலைவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். நடிகர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு வழக்கம்போல குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தலைக்கட்டு வரிதான்.